சிலாபத்தில் கிடைத்த மணிக்கூடு

பழைய மணிக்கூடு விற்கிறவன் சொல்லும் வயதை நான் நம்புவதில்லை. பொல என்கிற சிலாபத்து ஞாயிற்றுச் சந்தையில் பொலித்தீன் விரித்து உட்கார்ந்திருக்கும் எவனைக் கேட்டாலும் மணிக்கூட்டுக்கு ஐம்பது வயது என்பான். கேட்கிறவனின் சேர்ட்டைப் பார்த்து அதை அறுபதாக்குவான். நானும் அதே தொழிலில் இருப்பவன்தான். புத்தளத்திலிருந்து முதல் பஸ்ஸில் போய், தகர டின்களைக் கிளறி, ஓடாத ஜப்பான் மணிக்கூடுகளை வாங்கி வந்து, துடைத்துப் படமெடுத்து, கொழும்பில் இருக்கும் சேகரிப்புப் பைத்தியங்களுக்கு ஃபோன் வழியாக விற்கிறேன். ஆனால் வயது விஷயத்தில் மட்டும் பொய் சொல்வதில்லை. நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மணிக்கூட்டின் வயதைப் பார்க்க நான் பழகியதே என் வீட்டுக்காக. வியாபாரம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

என் நானா, எனக்கு இருந்த ஒரே அண்ணன், ஆறு வருடத்துக்கு முன் கற்பிட்டியிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்று அன்றைக்குத் தனியாகப் போனான். அவனுடைய போட் ஆலங்குடாப் பக்கம் கரையேறியது. கவிழவில்லை. எஞ்சின் இருந்தது, வலை இருந்தது, ஆள் இல்லை. அது கவிழ்ந்து வந்திருந்தால் நாங்கள் அழ வேண்டியதை அன்றே அழுதிருப்போம். நேராக மிதந்து வந்ததுதான் வினையாகப் போயிற்று. இந்தியப் போட் ஏதோ ஏற்றிக்கொண்டு போயிருக்கும், அங்கே எங்காவது சிறையில் கிடப்பான் என்று உம்மா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். அப்படிப் போய்த் திரும்பியவர்களும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அதனால் உம்மாவிடம் யாராலும் வாய் திறந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

உடம்பு கிடைக்காதவருக்கும் எங்களில் ஜனாஸாத் தொழுகை உண்டு. காயிப் ஜனாஸா என்போம். ஆள் முன்னால் இல்லாமலே பள்ளியில் வரிசை கட்டி நின்று அவருக்காகத் தொழுவார்கள். மௌலவி வீட்டுக்கு வந்து பக்குவமாகக் கேட்டுப் பார்த்தார். உம்மா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"உசிரோட இருக்கிற புள்ளைக்கு மௌத்துத் தொழுகையா? நான் ஓம் எண்டு சொன்னா என்ட புள்ளய நானே சாகடிச்ச மாதிரி மௌலவி. போய்ட்டு வாங்க."

இதில் மாட்டிக்கொண்டது நானாவின் மனைவி, என் மச்சி. நானா போனபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஜனாஸா தொழாததால் அவர் விதவையும் இல்லை. நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்து இன்னொரு வாழ்க்கையைப் பார்க்கவும் முடியாது. கருவாடு காயப்போடுகிற இடத்தில் கூலிக்குப் போய் வருவார். நிறச் சேலை உடுத்தால் ஒரு கதை, வெள்ளை உடுத்தால் இன்னொரு கதை. முஸ்லிம் நீதிபதியான காதியாரிடம் போனால் உம்மாவை மீறியே தீர்ப்பு வாங்கலாம் என்று மச்சியின் வாப்பா நச்சரித்தார். மச்சி அசையவில்லை. "மாமி ஓம் எண்டு சொல்லட்டும். அதுவரைக்கும் எனக்கு ஒண்டும் வாணாம்" என்றார். உம்மா இதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். எனக்கு உம்மாவில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஏதாவது ஒரு அடையாளம் கிடைத்தால் உம்மா இறங்கி வருவார் என்று நான் நினைத்தேன். நானாவின் உடம்பில் அழியாத பொருள் என்று ஒன்றுதான் இருந்தது, மௌத்தாகிப்போன எங்கள் வாப்பாவின் மணிக்கூடு. வாப்பா சவூதியில் வேலை செய்தபோது வாங்கிய ஓட்டோமெட்டிக். அதனால்தான் நான் டின்களைக் கிளற ஆரம்பித்தேன். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. கடலில் போன மணிக்கூட்டைச் சந்தையில் தேடுகிறவனை வேறு என்ன செய்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கையில் வந்தது துருப்பிடித்த சாவிகளுக்கும் ரிமோட்டுகளுக்கும் அடியில் கிடந்தது. வார் இல்லை, ஆட்டினாலும் முள் அசையவில்லை. கண்ணாடியில் உப்புப் பூத்திருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். நாளும் தேதியும் காட்டும் சின்ன ஜன்னலில் நாள் அரபியில் இருந்தது. மத்ரஸாவில் ஓதியதுபோல எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். ஞாயிறு. பக்கத்தில் இருபத்தொன்று.

இதற்கெல்லாம் துள்ளிக் குதிக்கிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. அரபி நாள் போட்ட மணிக்கூடு என்றால் அரபு நாட்டுச் சந்தைக்கென்று செய்தது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் சவூதி, குவைத் என்று போன எங்கள் ஆட்கள் எல்லோரும் ஆளுக்கொன்று கட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படிப்பட்ட எத்தனையோ மணிக்கூடுகளை நான் ஆசையோடு திருப்பிப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

இதையும் திருப்பினேன். பின்மூடியில் இரண்டு இலக்கங்கள் இருக்கும். ஒன்று அந்த மாதிரிக்கு உரியது. மற்றது அந்த ஒரு மணிக்கூட்டுக்கே உரியது. அதில் முதலாவது, செய்த வருடத்தின் கடைசி இலக்கம். இரண்டாவது, மாதம். இதில் ஏழும் நாலும் இருந்தன. ஏதோ ஒரு ஏழாம் வருடத்து ஏப்ரல். எந்தப் பத்தாண்டு என்று மூடி சொல்லாது. அங்கேதான் விற்கிறவனுக்குப் பிழைப்பு.

"அறுபத்தேழு" என்றான் அவன் சிங்களத்தில், கண் இமைக்காமல்.

அறுபத்தேழில் இந்த இயந்திரமே பிறந்திருக்கவில்லை, தொண்ணூற்றேழில் இது கடையிலேயே இல்லை. எழுபத்தேழா, எண்பத்தேழா என்பதுதான் கேள்வி. வாப்பா சவூதிக்குப் போனது எண்பதுகளில், வாங்கியது கடையில், புதுசு. எழுபத்தேழு என்றால் இது அவருடையது இல்லை. ஃபோனில் சேர்த்து வைத்திருந்த படங்களைத் தள்ளிப் பார்த்தேன். இதே மாதிரி இலக்கம் போட்ட மணிக்கூடுகளில் எண்பதுக்கு முந்தியது ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. அப்படியானால் எண்பத்தேழு. அப்போதுதான் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

அடுத்தது முகம். பழைய மணிக்கூடுகளின் முகத்தை பம்பாய்ப் பக்கம் சுரண்டிப் புது மை அடித்து விடுகிறார்கள். எழுத்தின் ஓரம் மழுங்கியிருந்தால் அது ஒட்டு வேலை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். எழுத்து கூர்மையாக இருந்தது, அசல் முகம். ஏழாம் மணிக்குக் கீழே மேல்பூச்சு பொருமி, அதற்குள் மண்ணிறத்தில் ஒரு கறை, பயறு அளவில்.

அந்தக் கறை எனக்குத் தெரியும். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எங்களை ஆயுத இயக்கம் வெளியேற்றியபோது கடற்கரையில் வைத்து எல்லோரையும் சோதித்தார்கள். தோடு, சங்கிலி, மணிக்கூடு எதையும் விடவில்லை. உம்மா வாப்பாவின் மணிக்கூட்டைக் கழற்றி, அப்போதுதான் வடித்த சோற்றுக்குள் புதைத்து, சட்டியை என் மடியில் வைத்துவிட்டார். சுடுகிறது என்று நான் அழுதேன். குழந்தை பசியில் அழுகிறது என்று நினைத்திருப்பார்கள், சட்டியைத் திறக்கவில்லை. போட்டில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்த பிறகு சோற்றுக்குள்ளிருந்து எடுத்தபோது மணிக்கூடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. சோற்று ஆவி உள்ளே போன இடத்தில் மட்டும் அந்தக் கறை தங்கிவிட்டது.

எவ்வளவு கேட்டான், எவ்வளவு கொடுத்தேன் என்பது நினைவில்லை. இது எங்கே கிடைத்தது என்று நான் கேட்ட குரலில் அவன் மிரண்டுவிட்டான். அவனே வீடு வீடாகப் போய்ப் பழைய இரும்பு எடுக்கிறவன். களப்பு ஓரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால், கடலில் பல நாள் தங்கி வரும் போட்டில் போய்க்கொண்டிருந்த ஒரு வயசாளி வீடு, அவருடைய மனைவி இரும்போடு தூக்கிப் போட்டது என்று கையைக் காட்டினான். பொலவிலிருந்து நேரே அங்கே போனேன்.

அந்த மனிதர் தமிழ்க் கத்தோலிக்கர். வெறும் மேலோடு வாசலில் இருந்து தங்கூசி நூலில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நான் மணிக்கூட்டை நீட்டியதும் முகம் செத்துப் போனது. யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"உங்கட ஆளா தம்பி?"

"என்ட நானா."

"இரிங்க" என்று கதிரையைத் தள்ளிவிட்டு அவர் நிலத்தில் இருந்துகொண்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவர்கள் போட் கரையிலிருந்து வெகுதூரத்தில் வலை இழுத்தபோது வலையோடு ஒரு ஆள் வந்தார். பல நாளாகியிருந்தது, முகம் என்று ஒன்று இல்லை. கரைக்குக் கொண்டுவந்தால் பொலிஸ், விசாரணை, போட்டைக் கட்டிப் போடுவார்கள். போட்டில் ஆறு குடும்பத்துச் சோறு இருந்தது. கடலில் கிடைத்த ஆளைக் கடலுக்கே கொடுத்துவிடுவதுதான் அவர்கள் வழக்கம்.

"சும்மா போடல்ல தம்பி. திருவிழாவுக்கு உடுக்க எண்டு வச்சிருந்த புதுச் சாரம் ஒண்டு இருந்தது. அதால சுத்தினம். கல்லுக் கட்டினம், திரும்ப மிதந்து வந்து நாய் நரி இழுக்கக் கூடாதே எண்டு. மணிக்கூட்டில அரபு எழுத்து இருந்தது. அதனால சிலுவை அடையாளம் போடல்ல. செபம் மட்டும் சொன்னம். எங்களுக்கு எங்கட செபம்தானே தெரியும்."

"மணிக்கூட்ட மட்டும் எதுக்குக் கழட்டின நீங்க?" என்று கத்தினேன். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து கதவோரம் நின்றார்.

"யாராச்சும் தேடி வந்தா காட்டலாம் எண்டு. பொறகு பயத்தில ஒருத்தருக்கும் சொல்லல்ல. நான் அத ஒரு நாளும் கட்டல்ல தம்பி, திருகல்ல. கழட்டும்போது அது ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இன்னும் என்ட காதுக்குள்ள கிடக்கு. ரெண்டு நாளில தானா நிண்டு போச்சு."

ஞாயிறு, இருபத்தொன்று. ஓட்டோமெட்டிக் மணிக்கூடு கை அசைகிற அசைவில் தானே முறுக்கிக்கொள்ளும். அசைவு நின்றால் ஏறக்குறைய இரண்டு நாள் ஓடி நிற்கும். அப்படியானால் வலையில் வந்தது வெள்ளிக்கிழமை. நானா கடலுக்குப் போய் ஏழெட்டு நாள் கழிந்த வெள்ளி. ஃபோனில் அந்த வருடத்து நாட்காட்டியைப் பார்த்தேன். அவன் கடலுக்குப் போன அந்த மாதத்தில் இருபத்தொன்று ஞாயிறுதான். வேறு மாதங்களிலும் அப்படி வரும், தெரியும். ஆனால் சோற்றுக் கறை வேறு மணிக்கூட்டில் வராது.

அந்த மனிதரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவர் மனைவி கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தேன். என் நானாவைக் கழுவவில்லை, கபன் துணி சுற்றவில்லை. ஆனாலும் யாரோ ஒருவர் தன் புதுச் சாரத்தைக் கொடுத்திருக்கிறார். பஸ்ஸில் வரும்போது அதை நினைத்துத்தான் அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது அஸர் தொழுகை முடிந்திருந்தது. உம்மா முற்றத்தில் கதிரையில் இருந்தார். மச்சி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மணிக்கூட்டை உம்மாவின் மடியில் வைத்தேன். கறையைக் காட்ட வேண்டியிருக்கவில்லை, அவரே விரலால் அந்த இடத்தைத் தேடித் தொட்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன். ஒளிக்காமல் சொன்னால்தான் நம்புவார் என்று நினைத்தேன். மச்சி ஈரச் சேலையைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

உம்மா அழவில்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவன்ட கையில இருந்து கழட்டக்குள்ள ஓடிச்சு எண்டா சொன்னார்?"

"ஓம் உம்மா."

"அப்ப என்ட புள்ளைக்கு உசிர் இருந்திரிக்கி. உசிரோட கல்லுக் கட்டிப் போட்டிருக்கானுவ."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எங்கள் ஆட்களிடம் அந்த மணிக்கூட்டுக்கு வேறு பெயர் இருந்தது, நாடி மணிக்கூடு. சாவி கொடுக்காமல், பற்றரி போடாமல் ஓடுகிறதென்றால் கட்டியவனின் நாடித் துடிப்பில்தான் ஓடுகிறது என்று சவூதியில் யாரோ சொல்ல, வந்தவர்கள் எல்லோரும் அதை ஊரில் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்கள். வாப்பாவும் சொன்னார். வாப்பா மௌத்தாகி மையித்தைக் கழுவுவதற்காக மணிக்கூட்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தபோது அது இரண்டாம் நாள் நின்றுபோனது. பெண்கள் வந்து பார்த்து, ஆள் போனது அதற்கும் தெரிந்துவிட்டது என்று அழுதார்கள். நானா எடுத்துக் கட்டியதும் மறுபடி ஓடியது. உம்மாவுக்கு அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? செத்தவன் கையில் அது ஓடாது. ஓடியது என்றால் அவன் சாகவில்லை.

எத்தனையோ பேருக்கு மணிக்கூட்டைப் பற்றி விளக்கம் கொடுத்திருக்கிறேன், என் உம்மாவுக்கு ஒரு நாளும் கொடுக்கவில்லை. இப்போது சொன்னேன். உள்ளே அரை வட்டத்தில் ஒரு தகடு இருக்கிறது, கை ஆடினால் அது சுற்றும், நாடிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று படித்துப் படித்துச் சொன்னேன். உம்மா காதில் வாங்கவில்லை. நெஞ்சில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். சாகடிச்சிட்டானுவ, சாகடிச்சிட்டானுவ என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் வேலியில் வந்து நின்றார்கள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. உள்ளே போய் விற்பதற்கு வைத்திருந்த ஓட்டோமெட்டிக் ஒன்றை எடுத்தேன். நின்று கிடந்தது. அதை உம்மாவின் காதில் வைத்துக் காட்டினேன். பிறகு மூலையில் சாத்தியிருந்த தும்புக்கட்டையை எடுத்து, கூட்டும் பக்கம் மேலே வர, அதன் கம்பில் மணிக்கூட்டை இறுக்கிக் கட்டி, உம்மாவின் முன்னால் பிடித்து அசைத்தேன். இப்படியும் அப்படியும், மெதுவாக, தண்ணீரில் கிடக்கிற பொருள் அசைகிற மாதிரி. விநாடி முள் நகர ஆரம்பித்தது.

"பாருங்க உம்மா. கட்டைக்கு நாடி இருக்கா? கட்டைக்கு உசிர் இருக்கா?"

உம்மா பார்த்தார். நான் அசைத்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தத் தெரியவில்லை. மச்சிதான் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார்.

உம்மாவின் சத்தம் நின்றுவிட்டது. கட்டையில் ஓடிக்கொண்டிருந்த மணிக்கூட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அத்தின நாளும் கடல் அவன்ட கையப் புடிச்சு ஆட்டிக்கிட்டே இருந்திரிக்கி" என்றார்.

நான் அதை அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. நினைத்திருந்தால் அந்தக் கட்டையைக் கையில் எடுத்திருக்க மாட்டேன். நான் நிரூபித்தது சரிதான், ஒரு பிழையும் இல்லை. ஆனால் பெற்றவளுக்கு அதைக் காட்டியவன் நான்.

கொஞ்சம் கழித்து உம்மா மச்சியைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவருடைய தலையில் கையை வைத்து, "உன்ன நான் கட்டிப் போட்டுட்டன் மகள்" என்றார். மச்சி அவருடைய மடியில் முகத்தை வைத்து அழுதார். ஆறு வருடமாக இந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டு அழுததில்லை. வேலியில் நின்றவர்களும் அழுதார்கள். பிறகு உம்மா என்னைப் பார்க்காமலே, "பள்ளியில போய்ச் சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தொழுவதாக முடிவாயிற்று. மௌலவி நானாவின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னார். முன்னால் மையித்து வைக்கும் சந்தூக்கு இல்லை, வெறும் தரை. அந்த வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவரின் தோள் என் தோளோடு முட்டிக்கொண்டிருந்தது. ஆலங்குடாவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கடலில் அவனோடு தொழில் செய்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தவனும் வந்து கடைசி வரிசையில் நின்றான்.

வீட்டுக்கு வந்தபோது மச்சி வெள்ளை உடுத்து இத்தாவுக்கு உட்கார்ந்திருந்தார். அந்தச் சேலையை உம்மாதான் ஆள்விட்டு வாங்கிக் கையில் கொடுத்திருக்கிறார். உம்மா குர்ஆனை மூடி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"சனம் வந்ததா மகன்?"

"பள்ளி நிறைஞ்சிருந்தது உம்மா. உள்ள இடமில்லாம முத்தத்திலயும் வரிசை நிண்டது."

உம்மாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவரை அப்படிப் பார்த்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "அவன் வந்தாச் சொல்லணும், உனக்காக இத்தின பேர் வந்து நிண்டாங்கடா எண்டு."

சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது, என்ன சொன்னோம் என்று. மச்சி தலையைக் குனிந்துகொண்டார். நான் ஓம் உம்மா, சொல்லுவம் என்றேன்.